நிறமா, எடையா: போடியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ஏலக்காய்ல ஆரம்பிக்கலாம்.

போடிநாயக்கனூர்ல ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போயிருக்கீங்களா? ஸ்பைசஸ் போர்டு கண்காணிப்பில் நடக்கிற ஏலம். இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்லதான் விலை கேட்கிறாங்க. ஆனா வியாபாரி முன்னாடி சாம்பிள் வந்ததும் செய்யற வேலை பழைய வேலைதான். கையில அள்ளி முதல்ல நிறம் பார்ப்பாங்க. நல்ல பச்சையா இருக்கணும். அப்புறம் காய் எவ்வளவு பருமன், எடை நிக்குதா, உள்ள விதை நிறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க. நிறம் இருந்து எடை இல்லைன்னா விலை இறங்கும். எடை இருந்து நிறம் வெளுத்திருந்தாலும் இறங்கும். சில பேர் செயற்கையா பச்சைச் சாயம் ஏத்திக் கொண்டு வருவாங்க, அது தனி ஏமாத்து.

தேர்தல்ல ஒரு கட்சி வேட்பாளரைத் தேடும்போதும் இதே ரெண்டு கேள்விதான். கொள்கைக்கு உண்மையா இருக்கிற ஆளா? ஜெயிக்கிற ஆளா? ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா சிக்கலே இல்ல. பெரும்பாலும் அப்படி அமையறதில்ல.

எங்க மாமா ஒருத்தர் போடிப் பக்கம் ஒரு கட்சியோட கிளைச் செயலாளர். எந்தக் கட்சின்னு சொல்லப் போறதில்ல, எந்தக் கட்சியா இருந்தாலும் இந்தக் கதை பொருந்தும். ஒரு தேர்தல்ல, பல வருஷமா இவர் எதிர்த்துக் கோஷம் போட்ட ஒருத்தரையே அவங்க கட்சி வேட்பாளரா அறிவிச்சது. மாமா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. மறுநாள் காலையில கொடி கட்டப் போயிட்டார். ஏன் மாமான்னு கேட்டேன். "கொடி கட்டறது என் வேலைடா. ஆளை முடிவு பண்றது அவங்க வேலை"ன்னார்.

அவர் செஞ்சது சரியா தப்பா? இந்த எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

யார் முடிவு பண்றாங்க?

தமிழ்நாட்டுல பெரிய கட்சிகள்ல நடைமுறை கிட்டத்தட்ட ஒண்ணுதான். தேர்தல் நெருங்கினா கட்சித் தலைமை விருப்ப மனு வாங்கும். அதுக்குக் கட்டணம் உண்டு. மனு போட்டவங்களை நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க. மாவட்டச் செயலாளர் ஒரு பட்டியல் கொடுப்பார், சர்வே எடுத்திருப்பாங்க. கடைசியா தலைமை முடிவு பண்ணும். தேர்தல் அதிகாரிகிட்ட கொடுக்க வேண்டிய படிவம் ஏ, படிவம் பி ரெண்டுலயும் கட்சி அதிகாரம் கொடுத்தவங்களோட கையெழுத்து இருந்தாத்தான் கட்சிச் சின்னம் கிடைக்கும். அந்தக் கையெழுத்துதான் டிக்கெட்.

அதாவது, தொண்டருக்கு ஓட்டு இல்ல. அமெரிக்காவுல பிரைமரி தேர்தல் வச்சு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. பிரிட்டன்ல கட்சித் தலைவர் தேர்தல்ல உறுப்பினர்கள் ஓட்டுப் போடறாங்க. "எனக்குப் பிடிச்சவரா, ஜெயிக்கக்கூடியவரா"ங்கிற குழப்பத்தை அங்க சாதாரண உறுப்பினரே சுமக்கிறார். நம்ம ஊர்ல அந்தக் கணக்கை மூடின கதவுக்குப் பின்னாடி சில பேர் போடறாங்க. விடை மட்டும் வெளிய வருது.

எப்பவும் இப்படித்தான் இருந்ததான்னா, இல்ல. 1949-ல தொடங்கின திமுக முதல்ல தேர்தல்ல நிக்கல. நிக்கலாமா வேண்டாமான்னு கேள்வி வந்தப்போ, 1956 மே மாசம் திருச்சி மாநாட்டுல ரெண்டு பெட்டி வச்சாங்க, ஒண்ணு கருப்பு, ஒண்ணு சிவப்பு. வந்தவங்க ஓட்டுப் போட்டாங்க. நிக்கலாம்னு சுமார் 57 ஆயிரம் பேர், வேண்டாம்னு 4 ஆயிரத்துச் சொச்சம் பேர். கொள்கை இயக்கமாவே இருப்போமா, கோட்டைக்குப் போவோமாங்கிற கேள்விக்குத் தொண்டர்களே பதில் சொன்னாங்க. அதுக்கு அடுத்த வருஷம் 15 பேர் சட்டமன்றத்துக்குப் போனாங்க.

அந்தப் பெட்டி திரும்ப வரல.

1989: கணக்குத் தப்பின போடி

இப்போ போடிக்கு வருவோம். 1987 டிசம்பர் 24-ல எம்.ஜி.ஆர். மறைந்தார். அதிமுக ரெண்டாச்சு. ஒரு பக்கம் அவரோட மனைவி ஜானகி, இன்னொரு பக்கம் ஜெயலலிதா. எம்.எல்.ஏ.க்கள்ல பெரும்பாலானவங்க ஜானகி பக்கம். 1988 ஜனவரியில அவங்க முதலமைச்சரானாங்க. அந்த ஆட்சி ஒரு மாசம் கூட நிக்கல.

1989 ஜனவரியில தேர்தல். இரட்டை இலை முடக்கப்பட்டிருச்சு. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஜெயலலிதா முதல்முறையா சட்டமன்றத்துக்கு நின்ன தொகுதி எதுன்னா, போடிநாயக்கனூர்.

ஒரு அதிமுக தொண்டர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. "பிராக்டிகலா" யோசிச்சா எந்தப் பக்கம் போகணும்? எம்.எல்.ஏ.க்கள் அதிகம் இருக்கிற பக்கம். தலைவரோட மனைவிங்கிற அனுதாபம் இருக்கிற பக்கம். போடியில ஜெயலலிதாவை எதிர்த்து ஜானகி அணி நிறுத்தினது நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை. எதிர்ல நடிகை, நாமும் நடிகையை நிறுத்துவோம்ங்கிற கணக்கு வெளிப்படையாத் தெரியுது.

ரிசல்ட்? ஜெயலலிதா திமுக வேட்பாளர் முத்து மனோகரனை 28 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்துல தோற்கடிச்சார். பக்கத்துல ஆண்டிபட்டியில நின்ன ஜானகியே தோத்துட்டார். மாநிலம் முழுக்க ஜெயலலிதா அணிக்கு 27 இடம், ஜானகி அணிக்கு 2. ஆட்சியைத் திமுக பிடிச்சது. சில வாரத்துலயே ஜானகி ஒதுங்கிட்டார், கட்சி ஒண்ணாச்சு, இரட்டை இலை திரும்ப வந்துச்சு.

அந்தத் தேர்தல்ல வெண்ணிற ஆடை நிர்மலாவுக்காக போடியில ஏஜென்டா வேலை பார்த்தவர் ஓ.பன்னீர்செல்வம்னு பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கு. அதாவது, ஜெயலலிதாவோட முதல் தேர்தல்ல எதிரணியில வேலை பார்த்தவர். பின்னாடி 2001-லயும் 2014-லயும் ஜெயலலிதா முதலமைச்சர் பதவியை இழந்தப்போ அந்த நாற்காலியில உட்கார வச்சது அவரைத்தான்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. "பிராக்டிகல்"னு நாம சொல்றது கையில இருக்கிற தகவல் இல்ல. அது ஒரு கணிப்பு. 1989-ல எம்.எல்.ஏ.க்களை எண்ணினவங்க ஜனங்களை எண்ண மறந்துட்டாங்க.

2021: இன்னொரு கணக்கு

அடுத்த கதை நமக்கு இன்னும் பக்கம். பெரியகுளம் தொகுதி தனித் தொகுதியானதால, 2011-ல ஓ.பி.எஸ். போடிக்கு மாறினார். அவரை எதிர்த்துத் திமுக நிறுத்தினது லட்சுமணனை. அவர் 2006-ல அதே போடியில ஜெயிச்சவர்.

2011-ல ஓ.பி.எஸ். ஜெயிச்ச வித்தியாசம் 29,906. 2016-ல திரும்ப அதே ரெண்டு பேர், வித்தியாசம் 15,608.

2021-ல திமுக ஆளை மாத்துச்சு. வந்தவர் தங்க தமிழ்ச்செல்வன். இவர் யாரு? 2001-ல ஆண்டிபட்டியில அதிமுக சார்பா ஜெயிச்சு, ஜெயலலிதா நிக்கணும்ங்கிறதுக்காக ராஜினாமா பண்ணினவர். 2016-ல திரும்ப ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. 2017-ல தினகரன் பக்கம் நின்னு தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்கள்ல ஒருத்தர். 2019 மக்களவைத் தேர்தல்ல தேனியில அமமுக வேட்பாளரா மூணாவது இடம். அந்த வருஷமே திமுகவுக்கு வந்தார். ரெண்டு வருஷத்துக்குள்ள போடி டிக்கெட்.

திமுகவோட கணக்கு புரிஞ்சுக்க முடியாதது இல்ல. ஓ.பி.எஸ்.ஸோட ஓட்டு எங்க இருக்கோ அங்க இருந்தே வந்த ஆள். மாவட்டம் முழுக்க அறிமுகம். ஆனா பத்து இருபது வருஷமா இரட்டை இலைக்கு எதிரா சுவர் எழுதின ஒரு திமுக கிளைச் செயலாளருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

முடிவு: ஓ.பி.எஸ். 11,021 ஓட்டுல ஜெயிச்சார். அந்தத் தேர்தல்ல தேனி மாவட்டத்துல இருக்கிற நாலு தொகுதியில ஆண்டிபட்டி, பெரியகுளம், கம்பம் மூணையும் திமுக எடுத்துச்சு. தோத்தது போடியில மட்டும்தான்.

இதை வச்சு "பாத்தீங்களா, கணக்குப் போட்டு ஆளை இறக்கினாங்க, தோத்தாங்க"ன்னு சொல்லலாம். "வித்தியாசம் குறைஞ்சுதே"ன்னும் சொல்லலாம். ஆனா 2011-க்கும் 2016-க்கும் நடுவுல, பழைய வேட்பாளர் நின்னப்பவே, வித்தியாசம் பாதியா குறைஞ்சிருந்தது. 2021-ல மாநிலம் முழுக்கவே திமுகவுக்குக் காத்து அடிச்சது. குறைஞ்சது ஆளாலயா, காத்தாலயான்னு இந்த எண்களை வச்சு யாராலயும் சொல்ல முடியாது.

கதை அங்கயும் முடியல. 2024 மக்களவைத் தேர்தல்ல அதே தங்க தமிழ்ச்செல்வன் திமுக சார்பா தேனியில நின்னார். எதிர்ல, ஒரு காலத்துல இவர் தலைவரா ஏத்துக்கிட்ட டி.டி.வி.தினகரன். ரெண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். போடியும் அந்த மக்களவைத் தொகுதிக்குள்ளதான் இருக்கு.

அப்போ 2021-ல எடுத்த முடிவு சரியா தப்பா? 2021-ல கேட்டா ஒரு பதில், 2024-ல கேட்டா இன்னொரு பதில். பிரிட்டன்லயும் இது நடந்திருக்கு. 2015-ல லேபர் கட்சி உறுப்பினர்கள் ஜெரமி கோர்பினைத் தலைவரா தேர்ந்தெடுத்தப்போ, கொள்கை சரி, ஆனா கட்சி காணாமப் போகும்னாங்க. 2017-ல கட்சி 40 சதவீத ஓட்டு வாங்கி எல்லாரையும் திகைக்க வச்சது. 2019-ல 202 இடம், 1935-க்கு அப்புறம் அவங்களுக்குக் கிடைச்ச மிகக் குறைவான எண்ணிக்கை. அதே தலைவர், ரெண்டு ரிசல்ட்.

கொள்கைக்காரங்க பக்கமும் ஒரு கணக்கு இருக்கு

இதுவரை கேட்டுட்டு, "அப்போ ஜெயிக்கிறதைப் பத்திக் கவலைப்படாம நல்லவரை நிறுத்திட வேண்டியதுதானே"ன்னு தோணலாம். அது அவ்வளவு சுலபம் இல்ல.

போடியில விடியறதுக்கு முன்னாடி பார்த்திருப்பீங்க. ஜீப்ல பெண்கள் நெருக்கியடிச்சு உட்கார்ந்து, போடிமெட்டு ஏறி, இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவாங்க. வீடு தமிழ்நாட்டுல, வேலை கேரளாவுல. ஓட்டு இந்தப் பக்கம், சம்பளம் அந்தப் பக்கம். அந்த ஜீப்ல போற பயணம், தோட்டத்துல அடிபட்டா வைத்தியம் எல்லாத்துக்கும் ரெண்டு மாநில அரசுகிட்ட பேசத் தெரிஞ்ச, பேச இடம் கிடைக்கிற ஒரு ஆள் வேணும். மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில நின்னுச்சு. போடிக்குத் திரும்ப ரயில் வந்தது 2023 ஜூன்ல. பன்னிரண்டரை வருஷம். கேட்கிற இடத்துல ஆள் இருக்கிறது முக்கியம். "நாங்க தோத்தாலும் தலை நிமிர்ந்து தோத்தோம்"னு மேடையில சொல்லலாம். ஜீப்ல உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

அதே சமயம் கொள்கைப் பிடிவாதம் எப்பவும் வீண்னும் சொல்ல முடியாது. நாம் தமிழர் கட்சி 2021-ல கூட்டணி இல்லாம 234 தொகுதியிலயும் நின்னு, அதுல 117 இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்துச்சு. ஒரு இடம்கூட ஜெயிக்கல. ஆனா 2024-ல 8 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கி மாநிலக் கட்சி அங்கீகாரத்துக்குத் தகுதி அடைஞ்சது. அவங்க கொள்கை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமப் போகலாம். ஆனா "ஜெயிக்க மாட்டாங்க"ன்னு சொல்லி பெண்களை ஒதுக்கின பெரிய கட்சிகள் எல்லாம் சேர்ந்து 2021-ல சட்டமன்றத்துக்கு அனுப்பின பெண்கள் 12 பேர்தான். 234-ல 12.

ரெண்டையும் கலந்தும் பார்த்திருக்கோம். 1967-ல அண்ணா, கொள்கையில நேர் எதிரான ராஜாஜியோட சுதந்திராக் கட்சியோட கூட்டணி வச்சார். அது சுத்தமான நடைமுறைக் கணக்கு. அதே தேர்தல்ல விருதுநகர்ல காமராஜரை எதிர்த்து நிறுத்தினது இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல இருந்து வந்த மாணவர் தலைவர் பெ.சீனிவாசனை. காமராஜருக்கு எதிரா ஒரு மாணவரான்னு எந்த சர்வேக்காரரும் சிரிச்சிருப்பார். 1,285 ஓட்டு வித்தியாசத்துல காமராஜர் தோத்தார். காமராஜர் தோத்தது நல்லதாங்கிறது வேற விவாதம். "ஜெயிக்கவே முடியாத வேட்பாளர்"ங்கிற முத்திரை எவ்வளவு லேசானதுன்னு மட்டும் பாருங்க.

"வெற்றி வாய்ப்பு"க்குள்ள என்ன இருக்கு?

சரி, கட்சிகள் வெற்றி வாய்ப்புன்னு சொல்லும்போது எதை எண்றாங்க? பணம் செலவு பண்ண முடியுமா. தொகுதியில எந்தச் சாதி அதிகம். சொந்தக்காரங்க யாரு. பக்கத்து ஆண்டிபட்டியில 2019 இடைத்தேர்தல்லயும் 2021-லயும் திமுக சார்பா மகாராஜன், அதிமுக சார்பா லோகிராஜன். ரெண்டு பேரும் உடன்பிறந்த அண்ணன் தம்பி. அவங்க திறமையைக் குறை சொல்லல. ஆனா ரெண்டு எதிர்க்கட்சிகளும் தனித்தனியா உட்கார்ந்து கணக்குப் போட்டு ஒரே வீட்டு வாசல்ல வந்து நின்னா, அந்தக் கணக்கோட ஃபார்முலாவைக் கேள்வி கேட்கணும்ல?

உச்ச நீதிமன்றமும் கேட்டிருக்கு. 2020 பிப்ரவரி 13-ல ஒரு உத்தரவு. குற்ற வழக்கு இருக்கிறவரை ஒரு கட்சி வேட்பாளரா நிறுத்தினா, ஏன் அவரை எடுத்தோம், வழக்கு இல்லாத வேற ஆள் ஏன் கிடைக்கலங்கிற காரணத்தை வெளியிடணும். அந்தக் காரணம் அவரோட தகுதி, சாதனையைப் பத்தி இருக்கணும். வெறும் வெற்றி வாய்ப்பு காரணம் ஆகாது. இதுக்கு சி7-ன்னு ஒரு படிவம். நாளிதழ்லயும் கட்சியோட சமூக வலைதளப் பக்கத்துலயும் வரணும். அடுத்த தேர்தல்ல உங்க தொகுதி வேட்பாளருக்கு அப்படி ஒரு படிவம் இருந்தா எடுத்துப் படிங்க. "மக்கள் செல்வாக்கு உள்ளவர்"னு எழுதியிருந்தா, அது வெற்றி வாய்ப்புக்கு வேற பேரான்னு யோசிங்க.

நான் எங்க வந்து நிக்கிறேன்

என் கருத்தைச் சொல்லிடறேன். கொள்கையையும் வெற்றி வாய்ப்பையும் ஒரே தராசுல ரெண்டு தட்டா வைக்கிறதுலதான் தப்பு ஆரம்பிக்குது. ஒருத்தர் இதுவரை என்ன செஞ்சார், எதுல ஓட்டுப் போட்டார், எந்த இடத்துல பேசாம இருந்தார்ங்கிறது இன்னைக்கே நமக்குத் தெரியும். அவர் ஜெயிப்பாரா இல்லையாங்கிறது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சதைக் கொடுத்துட்டுத் தெரியாததை வாங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானிக்கணும்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல ஒரு கோடு போடுங்க: இதுக்குக் கீழ போனா இவர் எனக்கு வேண்டாம். எல்லாத்துலயும் ஒத்துப்போகணும்னு கோடு போட்டா யாரும் தேற மாட்டாங்க, அதனால கோடு சின்னதா இருக்கட்டும். அந்தக் கோட்டைத் தாண்டினவங்களுக்குள்ள, யாருக்கு வாய்ப்பு அதிகம்னு பாருங்க. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டா, கோட்டுக்கே வேலை இருக்காது.

அப்புறம், கட்சி மாறி வந்தவர்ங்கிறது மட்டுமே கோடு ஆகக் கூடாதுன்னு நினைக்கிறேன். போடியோட வரலாறே அப்படி இல்ல. "ஏன் வந்தீங்க, இப்போ எதை வேற மாதிரி செய்வீங்க"ன்னு அவர்கிட்ட ஊர்ல வச்சுக் கேட்க முடியணும். ஏன்னா சட்டமன்றத்துக்குள்ள போயிட்டா, கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறினா பதவியே போகலாம். தனி ஆளோட மனசாட்சிக்கு உள்ள இடம் ரொம்பக் குறைவு. அதைச் சோதிக்கிற நேரம் டிக்கெட் கொடுக்கிற நேரம்தான்.

மாமாகிட்ட போன வாரம் இதையெல்லாம் சொன்னேன். கொடி கட்டினது தப்புன்னு நான் சொல்லல. கட்சின்னா எல்லா முடிவும் நம்ம முடிவா இருக்காது, அதுலயும் ஒரு நாணயம் இருக்கு. ஆனா ஏன் இந்த ஆள்னு ஒரு தடவை கேட்டிருக்கலாமேன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "கேட்டா மட்டும் மாத்திருவாங்களா"ன்னார்.

மாத்த மாட்டாங்க மாமா, ஆனா அடுத்த தடவை பதிலைத் தயார் பண்ணிட்டு வருவாங்கன்னேன்.

சிரிச்சார். "அப்போ நீ வந்து கேளு. உனக்கும் இந்த ஊர்லதானே ஓட்டு?"ன்னார்.

உண்மைதான். சென்னையில உட்கார்ந்து மைக் முன்னாடி பேசறேன், என் பேர் இன்னும் போடி வாக்காளர் பட்டியல்லதான் இருக்கு. உங்கள்ல நிறைய பேருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஊருக்குப் போகும்போது கட்சியில இருக்கிற மாமாவையோ சித்தப்பாவையோ பார்த்தா, யாருக்கு ஓட்டுன்னு கேட்காதீங்க. உங்க கட்சி அந்த ஆளை எப்படித் தேர்ந்தெடுத்துச்சுன்னு கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.